எலிப் புழுக்கைக்கு கிளவுஸா?

பத்து நாளைக்கு முன்னால் என் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ஆப்பிள் பையைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"என்னாச்சு மாலா... நெஞ்சு வலியா?"

"இல்லீங்க. எலிப் புழுக்கை."

சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எங்கள் சின்னம்மா அடக்கவில்லை. பக்கத்து பெட்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அண்ணன் ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து என்னை முறைத்தார். பேச முடியாத நிலையில் இருக்கும் அண்ணன் எவ்வளவு நல்ல அண்ணன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எப்படி ஆனது என்று சொல்கிறேன்.

குரும்பலூரில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அண்ணனுக்கும் எனக்கும் பொது. அண்ணன் குணசேகரன் பெரம்பலூர் டவுனில் குடியிருக்கிறார், மக்காச்சோள வியாபாரம். நான் அரியலூரிலிருந்து தா.பழூர் பக்கம் தினமும் பஸ்ஸில் போய்க் கணக்குச் சொல்லித் தருகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் குரும்பலூர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். இருந்தவர்கள் காலி செய்து ஆறு மாதம் ஆயிற்று. பூட்டியே கிடந்தது.

இப்போது புதிதாக ஒரு பெண் வந்து கேட்டாள். பர்வீன் என்று பெயர். பெரம்பலூரில் ஒரு பேங்க்கில் வேலை. முன்ஹாலை மட்டும் பார்த்துவிட்டு, மொசைக் தரையைக் கையால் தடவினாள்.

"தரை நல்லாருக்குதுக்கா. பையனுக்குப் பத்து மாசம். ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறான், தவழ்ந்துகிட்டே இருக்கான். கண்ணுல பட்டதெல்லாம் வாய்லதான். இன்ஷா அல்லா, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துர்றோம்."

வா என்று சொல்லிவிட்டோம். ஒரு வாரம் இருக்கிறது, வீட்டைக் கூட்டிக் கழுவ எவ்வளவு நேரமாகும்?

மறுநாள் சனிக்கிழமை காலையில் அண்ணனும் நானும் பின்பக்க அறையைத் திறந்தோம்.

வாசனை முதலில் வந்தது. அதைப் பற்றி எழுதினால் நீங்கள் கையில் வைத்திருக்கும் காபியைக் கீழே வைத்துவிடுவீர்கள், வேண்டாம். அடுத்தது தரை. மொசைக்கே தெரியவில்லை. கருஞ்சீரகத்தை மூட்டையோடு அவிழ்த்துக் கொட்டியதுபோல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் எலிப் புழுக்கை. மூலையில் கடித்துக் குதறிய சாக்கு, நூல், பழைய காலண்டர் எல்லாம் சேர்த்து மெத்தென்று ஒரு கூடு. நடுநடுவே காய்ந்த மஞ்சள் கறை. சுவரோரம் சிதறிய மக்காச்சோளம்...

மக்காச்சோளமா?

அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் ஃபேனைப் பார்த்தார்.

"காலி வூடுதானேன்னு... குன்னத்துலேர்ந்து வந்த லோடு கொஞ்சம்... ரெண்டே மாசந்தான் வெச்சிருந்தேன் மாலா. எடுத்துட்டேனே!"

மக்காச்சோளத்தை எடுத்துவிட்டார். வாஸ்தவம். சாப்பிட வந்தவர்களை எடுக்க மறந்துவிட்டார்.

"சரி வுடு. இதெல்லாம் ஒரு வேலையா? பத்து நிமிசம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தார். என் அண்ணனுக்கு எந்த வேலையும் பத்து நிமிஷம்தான். வீடு கட்டியதும் பத்து நிமிஷம், மகள் கல்யாணமும் பத்து நிமிஷம். மற்ற நேரத்தில் அண்ணி செய்ததெல்லாம் கணக்கில் வராது.

காய்ந்த தரையில் சர்ரு சர்ரென்று இழுத்தார். ஒரு நிமிஷத்தில் அறை முழுக்கப் புகைபோல் தூசி. எனக்குத் தூசி புதிதல்ல. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோட்டோரம் குடியிருக்கிறேன், என் வீட்டு ஜன்னலில் விரலால் பெயர் எழுதலாம். ஆனால் இது வேறு தூசி. தொண்டையில் இறங்கும்போதே 'நான் யார் தெரியுமா' என்று கேட்கிற தூசி. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். அண்ணன் தும்மிக்கொண்டே ஒரு நல்ல யோசனை செய்தார். தூசி போகட்டும் என்று ஃபேனைப் போட்டார்.

தரையில் இருந்தது இப்போது எங்கள் தலையில் இருந்தது.

அன்றைக்குப் பாதி அறைகூட முடியவில்லை. ஹாலுக்கும் பரப்பியதுதான் மிச்சம். சாயங்காலம் அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டு யோசனை கேட்டார். உங்கள் குடும்பத்திலும் ஒரு குரூப் இருக்கும், நான் விளக்க வேண்டியதில்லை. நான்கு வருஷமாகக் குட்மார்னிங் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திடீரென்று எலித்துறை விஞ்ஞானிகள் ஆனார்கள். சாம்பிராணி போடு என்றார் ஒருவர். கற்பூரத்தைத் தண்ணீரில் கரை என்றார் இன்னொருவர். வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சு என்றான் துபாய் மாப்பிள்ளை. எலி வந்தால் லட்சுமி வரப்போகிறாள், கூட்டவே கூடாது என்றார் மதுரைப் பெரியப்பா. ஒருவர்கூட, அந்தத் தூசியை மூக்கில் இழுக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

கடைசியில் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"மாலா, நாம ஏன் கெடந்து சாவணும்? பட்டம்மா மவ இருக்குல்ல, செல்வராணி. நம்பர் கெடச்சிருச்சு. நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."

பட்டம்மா எங்கள் மாட்டுக் கொட்டகையைக் கூட்டியவர். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது தினமும் விடியற்காலை வருவார், பின்வாசல் வழியாக. இப்போது கொட்டகையும் இல்லை, மாடும் இல்லை. ஆனால் அண்ணன் மனசுக்குள் அந்த வேலை மட்டும் பட்டம்மா குடும்பத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல் அப்படியே இருந்திருக்கிறது. என் மனசில் என்ன இருந்தது? நானும், 'நல்லதாப் போச்சு' என்றுதான் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். இஸ்திரி போட்ட சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டைரி. எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள்.

"வணக்கம் டீச்சர். வணக்கம்ண்ணே. போன்ல கிளீனிங் வேலைன்னு சொன்னீங்க. எடத்தைப் பார்த்துட்டுச் சொல்லிடலாம்னு வந்தேன். ஞாயித்துக்கிழமைல வெளி வேலையும் எடுக்கறதுதான். எங்கிட்ட நாலு பேர் இருக்காங்க."

ஒரு காலேஜ் ஹாஸ்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராம். அவளுக்குக் கீழே பதினோரு பேராம்.

அண்ணன் காதில் ஒன்றுமே விழவில்லை. "வா செல்வராணி வா. பின்னாடி ரூம்புதான். இந்தா" என்று விளக்குமாற்றை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே கால் வைக்கவில்லை. துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தாள்.

"கூட்டிப்புட்டீங்களாண்ணே?"

"பாதி கூட்டியாச்சு. மிச்சத்தை நீ முடிச்சுரு. பத்து நிமிசம்."

"காஞ்ச புழுக்கைய அப்புடியே கூட்டக் கூடாதுண்ணே. மொதல்ல ஜன்னலெல்லாம் தொறந்து வுட்டுட்டு வெளிய வந்துரணும். கிளவுஸ் வேணும், மாஸ்க் வேணும், தெளிக்கறதுக்கு மருந்து வேணும். என்னா வாங்கி வெச்சிருக்கீங்க?"

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது.

"எலிப் புழுக்கைக்கு கிளவுஸா? ஒங்கம்மா எங்க வூட்டுல சாணியே கையில அள்ளுச்சு!"

செல்வராணி கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. டைரியை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். பட்டையைப் பூட்டினாள். அப்புறம்தான் பேசினாள்.

"ஆமாண்ணே. அள்ளுச்சு. நீங்க பார்த்துக்கிட்டு நின்னீங்க. இதையும் நீங்களே அள்ளிக்கங்க. போயிட்டு வரேன் டீச்சர்."

ஸ்கூட்டி துறையூர் ரோட்டில் திரும்பிப் போவதையே அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். "திமிரப் பார்த்தியா மாலா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். வாரம் தவறாமல் ஊருக்கே புத்தி சொல்லிப் பத்தி எழுதுகிறவளுக்கு, சொந்த அண்ணனிடம் ஒரு வாக்கியம் பேச வாய் வரவில்லை. எழுதுவது எவ்வளவு சுலபம், பாருங்கள்.

அண்ணனுக்கு இப்போது இது ரோஷப் பிரச்சினை ஆகிவிட்டது. கடைக்குப் போனார். ஒரு கிலோ ப்ளீச்சிங் பவுடர், இரண்டு பாட்டில் பாத்ரூம் ஆசிட் வாங்கி வந்தார்.

"ரெண்டையும் கலந்து ஊத்துறேன் பாரு. ஒண்ணே இப்புடிச் சுத்தம் பண்ணும்னா ரெண்டும் சேர்ந்தா எப்புடி இருக்கும்?"

அவருடைய கணிதத்தில் ஒன்றும் ஒன்றும் இரண்டு. வேதியியலில் அப்படி இல்லை. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நான் கணக்கு டீச்சர் — அதுதான் என் சால்ஜாப்பு. பின்னறை ஜன்னல் மூடியிருந்தது. ஹால் பக்கம் புழுக்கை பறக்கக் கூடாதென்று கதவையும் முக்கால்வாசி சாத்திக்கொண்டார். பிளாஸ்டிக் பக்கெட்டில் பவுடரைக் கொட்டி, ஆசிட்டை ஊற்றும் சத்தம் கேட்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம். அடுத்து ஒரு இருமல். அப்புறம் நிற்காமல் இருமல்.

"அண்ணே!"

கதவைத் தள்ளினேன். கண் எரிந்தது, மூச்சுக்குழாய்க்குள் யாரோ மிளகாய்ப் பொடியை ஊதியதுபோல் இருந்தது. பக்கெட்டிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். கண்ணைத் திறக்க முடியவில்லை, வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். என் உடம்புக்கு அவரை இழுக்க முடியும் என்று அதுவரை எனக்கே தெரியாது. ஹாலைக் கடந்து தெருவில் வந்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் சத்தம் வந்தது.

அந்த ஐந்து நிமிஷம் நான் சிரிக்கவில்லை. இப்போது எவ்வளவு கிண்டலாக எழுதினாலும், அந்த ஐந்து நிமிஷத்தில் என் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, 'மூச்சு விடுண்ணே, மூச்சு விடுண்ணே' என்று பைத்தியம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் கார் எடுத்து வந்தார். பெரம்பலூர் வரும் வரைக்கும் அந்த விசில் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் அம்மா. ஆக்ஸிஜன் வைத்து, நெபுலைசர் வைத்து, கண்ணைத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்புறம் கேட்டார்.

"என்னா கலந்தீங்க?"

சொன்னேன்.

"ரெண்டையும் சேர்த்தா வர்றது குளோரின் கேஸ்ங்க. ஆளைக் கொன்னுரும். இவரு இன்னும் ரெண்டு நிமிஷம் உள்ள இருந்திருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன். எதுக்குங்க இவ்வளவு பெரிய வேலை?"

"எலிப் புழுக்கை டாக்டர்."

அவர் சீட்டில் எழுதிக்கொண்டே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "எலி தப்பிச்சிருச்சா?" என்றார்.

அண்ணன் பிழைத்தார். இரண்டு நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். ஆப்பிள் வந்தது, சின்னம்மா சிரித்தார் — அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

ஆனால் வீடு அப்படியே கிடந்தது. பர்வீன் வேறு போன் செய்தாள். "அக்கா, அண்ணனுக்கு எப்புடி இருக்கு? துவா பண்றேன். நாங்க ஞாயித்துக்கிழமை வரலாமுல்ல? இங்க வூட்டுக்காரரு வேற ஆளுக்குச் சொல்லிட்டாரு." பின்னால் அந்தக் குழந்தை என்னமோ கத்திக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டதெல்லாம் வாயில் போடும் குழந்தை. கருஞ்சீரகம் கொட்டிய தரை. நாங்களே ஃபேன் போட்டு ஹால் வரைக்கும் பரப்பிய தூசி. வராதே என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? வா என்று சொன்னால்...?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வராணி வீட்டுக்குப் போனேன்.

போகும் வழியில் மெடிக்கலில் நின்றேன். முகத்தோடு ஒட்டி நிற்கும் நல்ல மாஸ்க் ஒன்று, தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். மனசுக்குள் ஒரு பெருமை. அண்ணன் மாதிரி இல்லை நான், கேட்டதை மதித்து வாங்கிக்கொண்டு போகிறேன் பார்!

மாடி வீடு. கீழே ஒரு மளிகைக் கடை. கடையில் மெலிந்த ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். செல்வராணி வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டாள். ஊருக்கே தெரிந்திருந்தது.

"அண்ணன் பேசுனது தப்பு செல்வராணி. அப்ப நான் வாயத் தொறக்காம நின்னது அதைவிடத் தப்பு. மன்னிச்சுரு" என்றேன். பாதி வழியிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம். சொல்லி முடித்ததும் பையிலிருந்து மாஸ்க்கையும் கையுறையையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அதைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கம்பெனி டீச்சர். எனக்கு ஒரு செட் வாங்கிருக்கீங்க... ஒங்களுக்கு?"

எனக்கா?

ஐயா, அம்மா — இத்தனை வருஷமாக என்னைப் படிக்கிறவர்களே — உண்மையைச் சொல்கிறேன். எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும் என்பது என் புத்தியில் தோன்றவே இல்லை. அந்த வேலையை நான் செய்வேன் என்பதே என் கணக்கில் இல்லை. அண்ணன் விளக்குமாற்றை நீட்டினார், நான் கையுறையை நீட்டினேன். அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம். அவருடையது காட்டான் வேலை, என்னுடையது டீச்சர் வேலை.

தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்காளுங்களுக்கு நாளைக்கு ஹாஸ்டல்ல வேலை இருக்கு. நான் லீவு சொல்லிட்டு வரேன். ஆனா ஒருத்தியா உள்ள போவ மாட்டேன். நீங்க லீவு போட்டுட்டுக் கூட வாங்க. ரெண்டு பேரும் செய்வோம். இன்னொரு செட் வாங்கிட்டு வந்துருங்க" என்றாள்.

புதன்கிழமை காலையில் போனோம். எதிர்வீட்டுக்காரர் புண்ணியத்தில் மூன்று நாளாகவே வீட்டுக் கதவெல்லாம் திறந்து கிடந்தது, ஆசிட் நெடி போயிருந்தது. ஆனாலும் செல்வராணி முதலில் உள்ளே போய்ப் பக்கெட்டைத் தூக்கவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, வெளியே வந்து அரைமணி நேரம் நின்றாள். எனக்குப் பொறுமை இல்லை. அவள் அசையவில்லை.

அதற்கப்புறம் மாஸ்க், கையுறை, மூடிய ஷூ. தலைக்கு ஒரு துணி. முதல் வேலையாக அண்ணனின் பக்கெட்டைக் கொல்லைக்குக் கொண்டுபோய் நிறையத் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டினாள். ஒரு ஸ்பிரே பாட்டிலில் கடையில் விற்கும் ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. அன்றைக்கே கலந்தது.

"வேற எதையும் இதுல சேர்க்கக் கூடாது டீச்சர். ஆசிட்டும் வேணாம், பினாயிலும் வேணாம்" என்றவள், ஒரு நொடி நிறுத்தி, "ஒங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள். மாஸ்க்குக்குப் பின்னால் சிரித்தாளா என்று தெரியவில்லை.

புழுக்கை, கறை, கூடு எல்லாவற்றின் மேலும் மெதுவாகத் தெளித்தோம். பீய்ச்சி அடித்தால் தெறிக்குமாம். நன்றாக நனைந்ததும், "வெளிய வாங்க, பத்து நிமிசம் ஊறட்டும்" என்றாள்.

அண்ணனின் பத்து நிமிஷம் இல்லை இது. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம். வாசலில் நின்றுகொண்டிருந்தபோது கேட்டேன்.

"இதெல்லாம் ஹாஸ்டல்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"கொஞ்சம். மிச்சம் எந்தம்பியால கத்துக்கிட்டேன்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடையில பார்த்தீங்களே, அவந்தான். குன்னம் பக்கம் ஒரு சோளக் குடோன்ல மூட்டை தூக்கிக்கிட்டிருந்தான். மழையில தண்ணி பூந்துருச்சு. உள்ள பூரா எலி. மொதலாளி அள்ளி ஊத்தச் சொன்னாரு. வெறுங்கால்ல நின்னு அள்ளுனான். காலு பூரா வெடிப்பு. ஒரு வாரத்துல காய்ச்சல். மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்னான். விடல. கண்ணு மஞ்சளாச்சு, ஒண்ணுக்கு நின்னுபோச்சு. திருச்சிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். அங்கதான் ஒரு டாக்டரு கேட்டாரு, எலி இருந்த எடத்துல வேலை பார்த்தியான்னு. அதுவரைக்கும் யாருமே கேக்கல. எங்களுக்கும் சொல்லத் தெரியல. எலிக்காய்ச்சல்னாங்க. டயாலிசிஸ் பண்ணித்தான் உசுரு வந்துச்சு. இப்ப ஒரு குடம் தண்ணி தூக்குனா உக்காந்துருவான்."

"அந்த மொதலாளி?"

"பார்க்க வந்தாரு. ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிசம் ஆயிருச்சு. வாங்க."

உள்ளே போனோம். பேப்பர் டவலால் ஈரத்தோடு ஈரமாக வழித்து எடுத்தோம். விளக்குமாறு கிடையாது. எடுத்ததைப் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டுக் கட்டினோம். கூட்டையும் அப்படியே. கூட்டுக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அவள் பார்த்துவிட்டுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். ஊறிப்போன அட்டைப் பெட்டிகளைத் தூக்கி எறிந்தோம். பிறகு தரை முழுக்க அதே மருந்துத் தண்ணீரால் துடைப்பு. ஹாலும் சேர்த்து, ஃபேன் இறக்கையும் சேர்த்து. கதவுக்கு அடியிலும் குழாய் போகும் இடத்திலும் இருந்த ஓட்டைகளைக் கம்பி நாரும் சிமெண்ட்டும் வைத்து அடைத்தோம். நான் முட்டி போட்டு உட்கார்ந்து துடைத்த அந்த மூன்று மணி நேரத்தில், முப்பது வருஷமாக இந்த வேலையைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டியது எல்லாம் ஒன்றாக வந்து முதுகில் ஏறிக்கொண்டது. முதுகு இன்னும் வலிக்கிறது.

கையுறையைக் கழற்றும் முன்னால் அதற்கே ஒரு தரம் சோப்புப் போட்டுக் கழுவினோம். கழற்றிய பிறகு கைக்கு இன்னொரு தரம். "மூணு வாரத்துக்கு ஒங்களுக்கோ அண்ணனுக்கோ காய்ச்சல் வந்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்காதீங்க. டாக்டர்கிட்ட போயி, எலி இருந்த எடத்தைச் சுத்தம் பண்ணோம்னு சொல்லுங்க. அவரு கேக்கலன்னாலும் நீங்களா சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பர்வீன் சாமான்களோடு வந்தாள். குழந்தையை ஹாலில் இறக்கிவிட்டதும் அவன் நேராகப் பின்னறைக்குத்தான் போனான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தரையை ஒரு தரம் தட்டினான், விரலை வாயில் வைத்தான், அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

அண்ணனும் வந்திருந்தார். இருமல் இன்னும் முழுசாகப் போகவில்லை. செல்வராணி பாக்கி ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வந்தவள், வாசலில் அவரைப் பார்த்து நின்றாள். அண்ணன் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. என் அண்ணனைப் பற்றி நீங்கள் இவ்வளவு படித்த பிறகும் அப்படி நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. தம்பி கதையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். "தம்பி எப்புடி இருக்கான்?" என்றார். "இருக்காண்ணே" என்றாள் அவள். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் குன்னத்தில் தன் குடோனுக்கு ஆறு ஜோடி பூட்ஸும் கையுறையும் அவர் வாங்கிப் போட்டதாக அண்ணி சொன்னார். "யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

குடும்ப குரூப்பில் மட்டும், பளபளவென்ற மொசைக் தரையின் போட்டோவைப் போட்டு, 'ஒருவழியாக முடித்தாச்சு' என்று அண்ணன் எழுதியிருந்தார். யார் முடித்தது என்று எழுதவில்லை. அறுபத்துமூன்று பேர் கைதட்டியிருந்தார்கள். துபாய் மாப்பிள்ளை, 'வாக்குவம் கிளீனர்தானே?' என்று கேட்டிருந்தான்.

இது நம் வீட்டோடு முடிகிற விஷயமா என்ன? அழுக்கு என்று ஒன்று கண்ணில் பட்டதும் நாம் துடைப்பத்தைத் தேடுவதில்லை, ஆளைத் தேடுகிறோம். அந்த ஆளுக்கும் மூக்கு ஒன்று, நுரையீரல் இரண்டு, வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு என்பது நமக்கு மறந்துபோகிறது.

இந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளிக்கூட லைப்ரரி அறையைத் திறந்தார்கள். கோடை லீவுக்குப் பூட்டியது. அலமாரிக்குக் கீழே அதே கருஞ்சீரகம். தலைமை ஆசிரியர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆயாம்மாவக் கூப்புடுங்க டீச்சர். ஒரு கூட்டு கூட்டிரட்டும்" என்றார்.

"கூப்புடலாம் சார். ஜன்னலைத் தொறந்துட்டு அரைமணி நேரம் நிப்போம். மாஸ்க்கும் கிளவுஸும் நான் மூணு செட் வாங்கிட்டு வரேன்."

"மூணு எதுக்கு?"

"ஆயாம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ஒங்களுக்கு ஒண்ணு சார்."

சாருக்கு உடனே அரியலூரில் ஒரு மீட்டிங் ஞாபகம் வந்துவிட்டது. எலிகூட அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை!